ஐந்தாவது பாட்டு

ஒட்டுசுட்டான் சந்தியில் என் கடை.
போன் திருத்துவேன், ரீலோட் போடுவேன்,
சிப்பில் பாட்டு ஏற்றிக் கொடுப்பேன்.
எட்டு ஜீபிக்கு இருநூறு,
முப்பத்திரண்டு என்றால் பேசித் தீர்க்கலாம்.

அறுவடை மெஷின் ஓட்டும் சுனிதரனுக்கு
என்ன பாட்டு என்பது பொருட்டில்லை.
"நிரப்பிவிடும்" என்பான்,
டீசல் அடிக்கச் சொல்வதுபோல.
இரவு வயலில் சத்தமாகப் போட்டால்
யானைகள் காட்டுக்கரையோடு திரும்பிவிடுமாம்.
ஒரு பாட்டுக்கு மட்டும் ஒரு யானை
திரும்பாமல் நின்று கேட்டதாம்.
அதை அழிக்கச் சொல்லி மறுநாளே வந்தான்.

நெடுங்கேணி மருந்தாளர்
கப்பலில் இசைத்தட்டு வரவழைக்கிறார்.
ஒன்றின் உறையும் பிரித்ததில்லை.
"கேக்கிறதுக்குப் போன் இருக்குத்தானே?"

என்னைக் கேட்டால் சீடி.
மார்க்கர் பேனையால் மேலே எழுதலாம்.
கீறல் விழுந்தால்
எந்தச் சொல்லில் விக்கும் என்று தெரிந்து வைத்திருக்கலாம்.
போனிலுள்ள பாட்டுக்கு வருத்தம் வராது,
வந்தால் ஒரேயடியாகச் சாவுதான்.
இதைச் சொன்னால் வியாபாரம் நடக்காது.

பங்குனி மத்தியானம் ஒன்றில் சுகிர்தா வந்தாள்,
கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள்.
துண்டில் பதினொரு பாட்டு, இலக்கமிட்டு.
"இந்த ஒழுங்கிலதான் வரவேணும்.
நாலு முடியேக்க அஞ்சு எனக்குள்ள தானாத் தொடங்கீடும்.
பேந்து வேறொண்டு பாடினா
ரெண்டும் சண்டை பிடிக்கும்."

ஏற்றிக் கொடுத்தேன்.
மறுநாள் வந்து நின்றாள்,
வெடித்த கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் மாதிரி.
"அஞ்சாவது பிழை."
பிழையே இல்லை. துப்புரவான பதிவு,
ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும்.
"அதுதான் பிழை."

பற்றரிக்குத் தடையிருந்த வருடங்களில்
சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு
டைனமோவிலிருந்து வயர் இழுத்து
தம்பி வசீகரன் கையால் பெடல் சுற்ற
இவள் கசெற் கேட்டிருக்கிறாள்.
இரண்டாவது சரணத்தில் அவனுக்குக் கை உளையும்.
பாடகி மெல்ல மெல்ல ஆம்பிளையாகி
கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருப்பாள்.
"டேய்!"
குரல் திடுக்கிட்டு மேலே ஏறி வரும்.
ஒவ்வொரு நாளும் அதே இடத்தில்.
பாட்டே அப்படித்தான் என்று
கன காலம் நினைத்திருந்தாளாம்.

வசீகரனுக்கு ஒன்றும் ஆகவில்லை.
சூரிச்சில் வெதுப்பகத்தில் வேலை, நல்ல வண்டி.
"ஒரு கோடிப் பாட்டுப் பொக்கற்றுக்க கிடக்கு அக்கா,
இன்னும் உந்தப் பழசையோ?" என்று சிரித்தானாம்.

கணினியில் அந்த இடத்தை மட்டும் இழுத்துப் பார்த்தேன்,
இருபது வீதம், பிறகு முப்பது.
ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
"இது மெஷின் களைச்சது.
ஆள் களைச்சதில்ல."

எனக்கு ரோசம் வந்துவிட்டது.
பழைய இரும்புக்காரனிடம் ஐந்நூறுக்கு டைனமோ,
மருந்தாளரிடம் இரவலாக ஒரு பிளேயர்.
பாட்டைக் கசெற்றுக்கு மாற்றி
இரவு பத்து மணிக்குக் கடைக்குள்
சைக்கிளைக் கவிழ்த்தேன்.
எனக்கு முதற் சரணத்திலேயே உளைந்தது.
போனில் பதிந்ததில்
கொஞ்சம் பாட்டு, நிறைய மூச்சு,
மாங்குளப் பக்கம் போகும் லொறி ஒன்று,
அதைக் குரைத்துத் துரத்தும் நாய்.

கடைசிவரை கேட்டாள்.
"இது உங்கட கை" என்றாள்.
அழிக்கப் போனேன்.
"இருக்கட்டும், பன்னிரண்டாவதாப் போடுங்கோ.
அஞ்சை வெறுமையா விடுங்கோ."

வெறுமையாக விட்டால் ஆறு வந்து ஐந்தில் ஏறிவிடும்.
ஆகவே ஒன்றுமில்லாத நாலு நிமிடத்தைப் பதிந்து
ஐந்து என்று பெயரிட்டேன்.
சிப்பில் அதுவும்
ஒரு பாட்டளவு இடம் பிடித்தது.

பதினொரு பாட்டுக்குக் காசு எண்ணி வைத்தாள்.
எதைக் கழித்தாள் என்று நான் கேட்கவில்லை.